பாகப்பிரிவினையில் பெருமாள்

தமிழர்களுக்கு முதன்முதலில் எல்லை அளந்து கொடுத்தவர் ஒரு புலவர். பெயர் பனம்பாரனார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுத உட்கார்ந்தவர், வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று இரண்டு கல்லை நட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சங்கிலி பிடிக்கவில்லை, கர்ணத்தைக் கூப்பிடவில்லை, பக்கத்து நிலத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கவில்லை. திருப்பதி மலையின் இந்த அடிவாரமா, அந்த அடிவாரமா, உச்சியும் கோயிலும் சேர்த்தியா என்று கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தால் இருபதாம் நூற்றாண்டில் எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டார்கள். புலவர்களுக்கு எதுகை நின்றால் போதும். நான்கெல்லை விவரமெல்லாம் பத்திர எழுத்தர் கவலை.

பக்கத்து நிலத்துக்காரருக்குச் சங்கப் பாட்டில் வடுகர் என்று பெயர். அவர்களைப் பற்றி அகநானூற்றுப் புலவர்கள் தரும் தகவல் சுருக்கமானது: பேச்சு முரடு, நாய் பொல்லாது. பொருள் தேடப் போன தலைவன் வேங்கடத்தைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்தால் போதும், இங்கே தலைவிக்கு வளை கழன்று விழும். மாமூலனார் இந்தப் பாதையை விட்டு வெளியே வரவே மாட்டார். மலை அப்போது புல்லி என்ற கள்வர் தலைவன் கையில் இருந்தது. அன்றைக்கே அந்த மலைக்குப் போவது செலவு பிடிக்கும் காரியம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வடுகரும் சும்மா இருக்கவில்லை. ‘அரவம் அத்வான்னம், தெலுகு தேட, கன்னடம் கஸ்தூரி’ என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அரவம் என்பது நாம்தான். நம் மொழி படுமோசம், அவர்களுடையது தெளிந்த நீர், கன்னடம் கஸ்தூரி. கன்னடத்துக்குக் கஸ்தூரியைத் தூக்கிக் கொடுத்தது தாராள மனசினால் என்று யாரும் நம்பவேண்டாம். மூன்றாவது பங்காளி நம் பக்கம் சாட்சி சொல்ல வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரு தரப்பும் பட்டியலை நீட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. அவர்கள் மிளகாயைக் காய்கறியாகவும் ஊறுகாயைப் பதார்த்தமாகவும் நினைப்பவர்கள், சினிமாவில் ஒருவன் அடித்தால் நாற்பது பேர் பறப்பார்கள், கதாநாயகன் சட்டை கண்ணைக் கூசும். இது நம் தரப்பு. எதைக் கொடுத்தாலும் அதில் சாம்பாரை ஊற்றுபவர்கள், பத்து ரூபாய்க்குப் பத்து தடவை பேரம் பேசுபவர்கள், மணி என்ன என்று கேட்டால்கூட எங்கள் மொழிக்கு இரண்டாயிரம் வயது என்று ஆரம்பிப்பவர்கள். இது அவர்கள் தரப்பு. நேர்மையாகச் சொன்னால், இந்தக் கட்டுரைகூடத் தொல்காப்பியத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது.

எட்டாத ஊரைப் பற்றி யாரும் இப்படி வசவு தயாரிப்பதில்லை. சுவீடன்காரனைப் பற்றி நார்வேக்காரனிடம் மூட்டை மூட்டையாக ஜோக் உண்டு. பெரு நாட்டானைப் பற்றி ஒன்று கேட்டுப் பாருங்கள், விழிப்பான். கிண்டலுக்குக் காம்பவுண்டுச் சுவர் பொதுவாக இருக்கவேண்டும். தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் சித்தூரிலும் திருப்பதியிலும் சுவர் மட்டுமா பொது? கிணறு, களம், குலதெய்வம் எல்லாமே பொது. சிக்கல் அங்கேதான்.

மூலப் பத்திரங்களை எடுத்துப் பார்ப்போம். தமிழ்த் தரப்பு முதலில் எழுந்து, திருமலைக் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ் என்று மேசையைத் தட்டும். உண்மைதான். ஆழ்வார்கள் பாடிய மலை. இன்றைக்கும் மார்கழி பிறந்தால் அங்கே சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுத் திருப்பாவை பாடித்தான் பெருமாளை எழுப்புகிறார்கள்.

தெலுங்குத் தரப்பு கிருஷ்ணதேவராயரைக் கூப்பிடும். ஏழு முறை மலையேறியவர். இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவருடைய செம்புச் சிலை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால் வழக்கு கெட்டுவிடும். ஐயா, தாங்கள் எழுதிய காவியம் எது? ஆமுக்தமால்யத. எந்த மொழியில்? தெலுங்கில். கதாநாயகி யார்? ஆண்டாள். எந்த ஊர்? ஸ்ரீவில்லிபுத்தூர். ராயர் இறங்கிப் போகலாம்.

நம் தரப்புச் சாட்சிகளும் இந்த லட்சணம்தான். சுப்ரபாதத்தை இயற்றியவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன், தமிழ்நாட்டு வைணவர், எழுதியது சமஸ்கிருதத்தில். 1963-ல் அதை இசைத்தட்டில் பாடியவர் மதுரை மகள் எம்.எஸ். சுப்புலட்சுமி. பிறகு தேவஸ்தானத்துக்காக அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனைகளையும் பாடினார். திருப்பதி நகரத்தில் தெலுங்கர்கள் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பதிலுக்கு நாம் ஜனவரி தோறும் திருவையாற்றில் காவிரிக் கரையில் உட்கார்ந்து தியாகராஜருக்காகத் தெலுங்கில் உருகுகிறோம். பாடுபவரில் எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும் என்று கேட்டால் அது பக்திக்கு விரோதம்.

அடுத்தது சென்னை. திருப்பதிக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் சந்திரகிரிக் கோட்டை. விஜயநகரத்தின் கடைசி ராயர்கள் மிச்சம் மீதியைக் கட்டிக் காத்த இடம். அந்த ராயர்களின் கீழே இருந்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் 1639 ஆகஸ்டில் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரருக்கு ஒரு மணல்வெளியை எழுதிக் கொடுத்தார். பெரிய நிபந்தனை போட்டதாகத் தெரியவில்லை. ஊருக்கு அப்பா பெயரை வைக்கச் சொன்னார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. அப்பா பெயர் சென்னப்ப நாயக்கர். மெட்ராஸ் என்ற பெயர் நம் அடையாளத்துக்கு இழுக்கு என்று 1996-ல் நாம் சென்னைக்கு மாறினோமே, அந்தச் சென்னை ஒரு தெலுங்கு நாயக்கரின் தகப்பனார்.

பங்காளிகள் இப்படிப் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில் திருமலைக் கோயில் சாவி யாரிடம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1801 முதல் கம்பெனிக்காரன் கோயில் வரவு செலவைப் பார்த்தான். உருவ வழிபாட்டில் கிறிஸ்தவர்களுக்கு என்ன வேலை என்று லண்டனிலிருந்து அதட்டல் வந்ததும், 1843-ல் ஹாதீராம்ஜி மடத்து மகந்துகளிடம் கொடுத்துவிட்டுப் போனான். வடக்கே இருந்து வந்த பைராகிகளின் மடம் அது. அதன் மூலவர் ஹாதீராம்ஜி பெருமாளோடு சொக்கட்டான் ஆடினவர் என்பது ஐதிகம். தொண்ணூறு வருடம், 1933-ல் தேவஸ்தானக் குழு வரும்வரை, தமிழனும் தெலுங்கனும் வரிசையில் நின்று உண்டியலில் போட்டதை வடநாட்டு மடம் எண்ணியது.

சித்தூர் விஷயம் இன்னும் சுவாரசியம். வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் எது என்று கேட்டால் வேலூர் என்போம். 1911 வரை சித்தூர். வேலூர்க்காரர் கலெக்டரிடம் மனுக் கொடுக்கச் சித்தூருக்குத்தான் போகவேண்டும். 1911-ல் வெள்ளைக்காரன் வட ஆர்க்காட்டிலிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து கொஞ்சம், நாலைந்து ஜமீன் என்று சேர்த்துக் கட்டிச் சித்தூர் மாவட்டம் என்று ஒன்றைப் புதிதாகச் செய்தான். தமிழும் தெலுங்கும் கலந்தது, குப்பம் பக்கம் கன்னடமும் ஒரு பிடி. பிறந்த தேதி ஏப்ரல் 1. தேதியை மறந்துவிடாதீர்கள், இன்னொரு முறை வரும்.

1952-ல் கச்சேரி சூடுபிடித்தது. தனி ஆந்திரம் வேண்டும் என்பதில் நம் பக்கம் பெரிய ஆட்சேபம் இல்லை. வீட்டைப் பிரித்துக்கொண்டு போகிறேன் என்ற தம்பி, கூடத்தையும் சேர்த்துக் கேட்டதுதான் தகராறு. ‘மதராஸ் மனதே’, அதாவது மதராஸ் நமதே என்றார்கள். நமக்கும் வாய் சும்மா இருக்குமா? ம.பொ. சிவஞானம் எழுந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். தமிழரசுக் கழகத்தை நடத்திக்கொண்டிருந்தார். தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்றார். அதே மூச்சில் வேங்கடத்தை விடமாட்டோம் என்றார். திருத்தணிப் பக்கத்தில் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் ஊர் ஊராகப் பள்ளி வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்து, எல்லைக்கு ஆள் திரட்டியிருந்தார். ஆக, அவர்களுக்கு நம் கூடம் வேண்டும், நமக்கு அவர்கள் பூஜை அறை வேண்டும். பனம்பாரனாரும் சென்னப்ப நாயக்கரும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பொட்டி ஸ்ரீராமுலு விஷயத்தில் கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். 1952 அக்டோபர் 19-ல் மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு இறந்தார். நான்காம் நாள் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். தெலுங்கு மாநிலத்துக்காக உயிர் கொடுத்த அவர் பிறந்ததும் சென்னையில், இறந்ததும் சென்னையில். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இன்றும் அவருடைய நினைவில்லம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அது ஒரு பழைய கட்டடம்.

கொஞ்ச காலத்துக்காவது தலைநகரைச் சென்னையில் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். விருந்தாளியாக உட்காருபவர் எழுந்திருக்க மாட்டார் என்ற பயம் நமக்கு. ஒப்புக்கொள்ளவில்லை. 1953 அக்டோபர் 1-ல் கர்நூலில் கூடாரம் அடித்து ஆந்திர அரசு குடியேறியது. முதல் முதல்வர் தங்குதூரி பிரகாசம், ஏற்கெனவே மெட்ராஸ் மாகாணத்துக்குப் பிரதமராக இருந்தவர். பிறகு ஹைதராபாத் கிடைத்தது, அதுவும் 2014-ல் தெலங்கானாவோடு போனது, அப்புறம் அமராவதி. தலைநகர விஷயத்தில் நம் பங்காளிக்கு ஜாதகம் சரியில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கவேண்டும், இருப்பதில்லை.

பாகப்பிரிவினையில் சித்தூர் மாவட்டம் முழுசாக, திருப்பதி, திருத்தணி, பெருமாள், முருகன் எல்லாரோடும் ஆந்திரத்துக்குப் போயிற்று. நாம் மறியல் செய்தோம், ரயிலை நிறுத்தினோம், ஜெயிலுக்குப் போனோம். கடைசியில் படாஸ்கர் என்ற மராட்டியரைப் பஞ்சாயத்துக்கு அனுப்பினார்கள். கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழிக்காரர் அதிகமோ அந்த மாநிலம் என்பது அவர் கணக்கு. காகிதத்தில் அழகான கணக்கு. சித்தூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் போய் அதைப் போட்டுப் பார்த்தால் தெரியும். பாட்டி தமிழில் திட்டுவாள், மருமகள் தெலுங்கில் பதில் சொல்வாள், பேரன் இரண்டையும் கலந்து காசு கேட்பான், மாட்டிடம் பேசுவதற்குத் தனி பாஷை. சந்தையில் “ரேட்டு செப்பு சாமி, சும்மா பேசிகினு இருக்காத” என்பான் ஒருவன். அவன் தலையை எந்தக் கட்டத்தில் எண்ணுவது?

எப்படியோ எண்ணினார்கள். திருத்தணி நமக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பக்கம் அவர்களுக்குப் போனது. சித்தூர், புத்தூர், நகரி அங்கேயே நின்றன. பெருமாளை விட்டு முருகனை மீட்டோம். மாமனை விட்டு மருமகனை அழைத்துக்கொண்டு வந்த கணக்கு. அமலுக்கு வந்த தேதி: 1960 ஏப்ரல் 1. சொன்னேனே.

இந்தக் கைமாற்றத்தில் நான் மிகவும் ரசிப்பது டாக்டர் ராதாகிருஷ்ணனின் நிலைமையை. 1888-ல் திருத்தணியில் பிறந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை என்று படித்தவர். அவர் டெல்லியில் துணைக் குடியரசுத் தலைவராக உட்கார்ந்திருக்க, பிறந்த ஊர் மட்டும் 1953-ல் ஆந்திரத்துக்குப் போய், 1960-ல் திரும்பி வந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இன்று ஆசிரியர் தினத்தன்று இரண்டு மாநிலமும் அவர் எங்கள் பிள்ளை என்று மாலை போடுகின்றன. இரண்டும் பொய் சொல்லவில்லை.

1960-ல் தெலுங்கர்களுக்கும் ஒரு லாபம். அந்த வருடம் ‘ஸ்ரீ வெங்கடேஸ்வர மஹாத்மியம்’ படத்தில் என்.டி. ராமாராவ் பெருமாளாக நடித்தார். அவர் குடியிருந்தது சென்னை தியாகராய நகரில். ஆந்திரத்திலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் வந்தவர்கள் மலையில் மூலவரைச் சேவித்துவிட்டு, அப்படியே சென்னைக்கு வந்து பசுல்லா சாலையில் உற்சவரையும் சேவித்துவிட்டுப் போவார்கள். மலையில் வரிசை அதிகம். இங்கே காலையிலேயே வெளியே வந்து கும்பிடு போடுவார். இவர்தான் பிறகு தெலுங்கரின் தன்மானம் என்று கட்சி ஆரம்பித்து 1983-ல் முதல்வரானார். அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்த தொகுதிகளில் ஒன்று எது? திருப்பதி. பெருமாள் வேடம் போட்டவரைப் பெருமாள் ஊரே தேர்ந்தெடுத்ததற்கு மேல் சான்றிதழ் உண்டா?

அதே 1983-ல் அவரும் எம்.ஜி.ஆரும் உட்கார்ந்து, கிருஷ்ணா தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். இரு மொழியின் தன்மானமும் ஒரு மேசையில். ஒருவர் கண்டியில் பிறந்து தமிழரான மலையாளி, இன்னொருவர் சென்னையில் வாழ்ந்து சம்பாதித்த தெலுங்கர். தண்ணீர் பூண்டி ஏரியை எட்டியது 1996-ல். படம் எடுக்க எடுத்துக்கொண்ட அவசரத்தைக் கால்வாய் வெட்டுவதில் யாரும் காட்டவில்லை.

காளஹஸ்திக் கண்ணப்பர் கதை இதைவிடக் குழப்பம். பெரிய புராணத்து நாயனார், ஆகவே தமிழர் என்கிறோம். காளஹஸ்தி எங்களூர், ஆகவே எங்களவர் என்கிறார்கள். 1954-ல் இதைக் கன்னடத்தில் ‘பேடர கண்ணப்பா’ என்று எடுத்து ராஜ்குமார் என்ற புதுமுகத்தைக் கதாநாயகனாகப் போட்டார்கள். அதே கதையைத் தெலுங்கில் ‘காளஹஸ்தி மஹாத்மியம்’ என்று எடுத்தபோதும் அவரே கண்ணப்பர். அந்த ராஜ்குமார் பிறந்த காஜனூர், இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, தமிழ்நாட்டு ஊரில் பிறந்த கன்னட நடிகர், தமிழ் நாயனாராகத் தெலுங்குப் படத்தில் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்தார். படாஸ்கர் இருந்திருந்தால் படச்சுருளைக் கத்தரித்துப் பிரித்துக் கொடுத்திருப்பார்.

திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7-ல் செம்மரம் வெட்டப் போன தமிழகத் தொழிலாளர் இருபது பேர் ஆந்திரப் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தக் கட்டுரையின் சிரிப்பு அந்தப் பக்கம் செல்லாது.

மற்றபடி போக்குவரத்து ஒழுங்காக நடக்கிறது. நமக்கு வேண்டுதல் என்றால் திருப்பதிக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளில் தெலுங்குப் பலகை, மெஸ்ஸில் பப்பு, கோங்குரா. முடி அங்கே, ரத்தப் பரிசோதனை இங்கே. சண்டை இப்போது மாங்காயில். 2025 ஜூனில் விலை விழுந்ததும், வெளி மாநிலத் தோதாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் எல்லையில் ஆள் போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். நம் ஊரில் அந்தப் பழத்துக்குப் பெயர் கிளிமூக்கு. மரத்தில் இருக்கும்போது எந்த மாநிலத்து மூக்கு என்று கிளிக்கே தெரியாது.

திருமலையில் கருவறைக்கு எதிரே போய் நின்றால் எல்லா எல்லைக்கோடும் ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். ஜருகண்டி. தெலுங்கே தெரியாது என்று சத்தியம் செய்யும் தமிழனுக்கும் தெரிந்த தெலுங்கு அது. மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒரு கோயம்புத்தூர்ப் பாட்டி, முழங்கை பட்டதும் சேவகரைத் திரும்பிப் பார்த்து, “நகர்றேன் கண்ணு, தள்ளாத. அவரைப் பார்க்கத்தான வந்தேன், உன்னையா?” என்றார். “வெள்ளண்டம்மா, வெள்ளண்டி” என்றார் அவர். இருவருக்கும் எதிராளி சொன்னது முழுசாகப் புரிந்தது. பாட்டிக்குக் கூடுதலாக ஒரு விநாடி கிடைத்தது. பின்னால் நின்ற குண்டூர்க்காரர், அரவவாள்ளு எப்போதும் இப்படித்தான் என்று முணுமுணுத்தார். அவருக்கும் மொட்டைதான்.

வேங்கடம் யாருக்குச் சொந்தம் என்று இன்றும் மேடையில் முழங்குபவர்கள் ஒரு செய்தியைத் தவறவிட்டுவிட்டார்கள். ஆந்திர அரசு மாவட்டங்களைத் திருத்தி அமைத்தபோது திருப்பதியைத் தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் ஆக்கிவிட்டது. காளஹஸ்தி, சந்திரகிரி, நம்மிடமிருந்து வாங்கிய சத்தியவேடு எல்லாம் அதற்குள் போய்விட்டன. நாம் இத்தனை வருடம் யாரிடம் கேட்டுச் சண்டை போட்டோமோ, அந்தச் சித்தூர் மாவட்டத்திடமும் இப்போது திருப்பதி இல்லை. தேதி 2022 ஏப்ரல் 4. மூன்று நாள் தள்ளிப் போயிருக்கிறது.